ரைட்டு என்கிற குட்டியும் இரட்டை விசிலும்

ஐம்பது பேர் உட்கார்ந்தும் முப்பது பேர் தொங்கியும் வருகிற ஒரு பஸ்ஸை ஒரே விசிலில் நிறுத்துகிற மனுஷருக்கு, ஒரு முழ நீள நாய்க்குட்டியின் மூத்திரத்தை மட்டும் ஏன் நிறுத்த முடியவில்லை?

போன அக்டோபரில் டெய்சி டீச்சர் எங்கள் வீட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் மாப்புக் குச்சி இருந்தது. இப்போது பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்கு அவருடைய வீட்டுக்காரர் சகாய ஆனந்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

சகாய ஆனந்துக்கு நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். வண்டிக்கு ஒரு பெயர் எழுதியிருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. பச்சை வண்டி என்றால்தான் தெரியும். அவர் நிற்பதைப் பார்த்தாலே என்ன வேலை என்று சொல்லிவிடலாம். கல்யாணப் பந்தியிலும் சரி, கோவிலில் பூசை நேரத்திலும் சரி, தரை கொஞ்சமும் ஆடாத இடத்தில்கூட இடுப்பை எதிலாவது முட்டுக்கொடுத்து ஒரு காலை அகட்டி வைத்துத்தான் நிற்பார். தூக்கத்தில் "உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு" என்று சொல்லிச் சொல்லி டெய்சி டீச்சரைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளிய கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

வண்டியில் அவர் ராஜா. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும். இரண்டு அடித்தால் கிளம்பும். "படியில நிக்காத தம்பி" என்றால் தம்பி உள்ளே போய்விடுவான். வீட்டுக்கு வந்தால் அந்த ராஜ்யம் வாசலோடு சரி. டெய்சி டீச்சர் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவர். ஒரு "ம்" போட்டால் நாற்பது பிள்ளைகள் வாயை மூடுவார்கள். வீட்டில் அதே "ம்"முக்குச் சகாய ஆனந்தும் வாயை மூடுவார். மகள் ஆனி ரோஸ் ஒன்பதாம் வகுப்பு. அப்பா கூப்பிட்டால் காதில் மாட்டியிருக்கிற இயர்போனைக் கழற்றாமலே தலையை ஆட்டுவாள். காலை நாலரைக்குப் போய் இரவில் உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு திரும்பி வருகிற மனுஷர் வந்துவிட்டார் என்பதை அந்த வீட்டில் மின்விசிறி மட்டும்தான் கவனிக்கும். அதுவும் அவரே போட்டால்தான் சுற்றும்.

அந்த நேரத்தில்தான் குட்டி வந்தது.

பச்சை வண்டியின் டிரைவர் மதுரைவீரனுடைய மச்சான் நல்லுசாமிக்கு அரும்பாவூரில் வயல். வயல்காட்டு நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து கொடுத்தார் நல்லுசாமி. செம்மண் நிறம், முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. இன்ஜின் பெட்டியின் சூட்டில் குளிர் காய்ந்துகொண்டு வந்த அந்தக் குட்டி, அரியலூர் வருவதற்குள் பதினோரு பேர் மடியில் உட்கார்ந்துவிட்டது. ஒரு மடியில் மட்டும் ஈரம். அந்தப் பயணி நல்ல மனுஷன். "கொழந்ததானே" என்று சொல்லிவிட்டார்.

டெய்சி டீச்சர் அப்படிச் சொல்லவில்லை.

"என்னங்க இது?"

"குட்டி."

"அது என் கண்ணுக்குத் தெரியுது. எப்பத் திருப்பிக் குடுக்கப் போறீங்க?"

"திருப்பியா? நம்ம வூட்டுக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கேன் டெய்சி."

"நம்ம வூட்டுக்கு என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட்டு எழுதிக் குடுத்தேனே, அதுல இது எத்தனாவது வரில இருந்துச்சு?"

அவர் பதில் சொல்வதற்குள் குட்டி ஹாலின் நடுவில் ஒரு சின்னக் குளம் வெட்டிவிட்டது.

பெயரும் ஒத்துவரவில்லை. ஆனி ரோஸ் "கோகோ" என்றாள். சகாய ஆனந்த், வண்டி கிளம்பும்போது தான் சொல்கிற வார்த்தையையே எடுத்து "ரைட்டு" என்று வைத்தார். டெய்சி டீச்சர் "அது" என்றார். குட்டி மூன்று பெயருக்கும் சமமாகத் திரும்பிப் பார்க்காமல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் தீர்ப்புச் சொன்னார். எங்கள் தெருவில் இருக்கிற இருபது கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம். அக்டோபர் வந்தால் மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் வைத்து, கோவில் உபதேசியார் முன்னின்று நடத்த, மாலையில் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். டெய்சி டீச்சர் வீட்டு முறை பதினெட்டாம் தேதி.

"பதினெட்டாந்தேதி உபதேசியார் வருவார், தெருவே வரும். அன்னைக்கு ஜெபமாலை முடியற வரைக்கும் அது ஓரமா ஒரு சாக்குல ஒழுங்கா இருக்கணும். சங்கிலி போடக் கூடாது, யாரும் மடியில அமுக்கிப் புடிச்சிக்கக் கூடாது. மாதா இருக்கிற ஹால்ல ஒரு சொட்டு விழுந்துச்சு, மறுநா மொத வண்டியில அரும்பாவூர்."

"அவனுக்கு ரெண்டு மாசம்தான் ஆவுது டெய்சி."

"எனக்கு அந்த ஹாலைத் தொடைக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆன மாதிரி இருக்கு."

சகாய ஆனந்த் உள்ளே கலங்கிவிட்டார். அந்த இரண்டு நாளில் ஒரு விஷயம் நடந்திருந்தது. வேலை முடிந்து கேட்டைத் திறந்த சத்தத்துக்கு வீட்டுக்குள் ஓர் உயிர் விழுந்தடித்துக்கொண்டு எழுந்து, வழுக்கி, சோபாக் காலில் முட்டி, வாலோடு சேர்த்து முழு உடம்பையும் ஆட்டியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வந்ததற்காக யாரும் எழுந்து நின்றதில்லை. அதை மறுபடியும் அரும்பாவூருக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

பயிற்சி தொடங்கியது.

அவருக்கு ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் ஆனி ரோஸின் போனை வாங்கி நாய்ப் பயிற்சி வீடியோ பார்த்தார். அதில் ஒருவர் கையில் சின்னதாக ஒரு பெட்டி வைத்துக்கொண்டு "டிக்" என்று அழுத்துவார், நாய் உட்காரும். ஒரு சத்தத்துக்கு ஓர் அர்த்தம்தான் இருக்க வேண்டும், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம் என்றார் அந்த ஆள்.

சகாய ஆனந்த் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதுக்கு எதுக்குப் பெட்டி? நம்மகிட்டதான் இருக்கே!"

ஒரு விசில் என்றால் நில், உட்கார். இரண்டு விசில் என்றால் ரைட், போ, வேலையை முடி. வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. குட்டி தண்ணீர் குடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் விடுவார். அது முகர்ந்து, சுற்றி, மறுபடி முகர்ந்து, பின்னங்காலை மடக்கி உட்கார்கிற அந்த நொடியில் "பீப் பீப்" என்று அடிப்பார். முடித்ததும் ஒரு துண்டு பிஸ்கட். நாலு ஓய்வு நாளில் குட்டி பாடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு விசிலுக்கு டக்கென்று உட்கார்ந்தது. இரண்டு விசிலுக்கு மரத்தடியில் அப்படியே மடங்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கடமையை முடித்தது.

"பாத்தியா? எங்க வண்டியில ஏறுன பயலுவோகூட இவ்ளோ சீக்கிரம் கேட்டதில்ல," என்றார் மகளிடம்.

"சூப்பர்ப்பா," என்றாள் ஆனி ரோஸ், இயர்போனைக் கழற்றிவிட்டு. அவருக்கு அன்று ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரிப்பு வந்ததாம்.

ஆனால் அவர் வேலைக்குப் போன நாளில் வீட்டில் வேறு கதை நடந்தது.

பள்ளி விட்டு வந்து டீச்சர் காபி போட்டுக்கொண்டிருப்பார். குட்டி அடுப்படி வாசலில் சும்மா நடந்து போகும். திடீரென்று யாரோ அமுக்கியது போல உட்காரும். கொஞ்ச நேரம் சிலை மாதிரி இருக்கும். பிறகு திடீரென்று துள்ளி எழுந்து ஓடி வாசல் கதவைப் பிறாண்டும். நாலு பிறாண்டு பிறாண்டிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்து, மன்னிப்புக் கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, கதவடியிலேயே மூத்திரம் இருந்துவிடும். டீச்சர் துடைத்து முடிப்பதற்குள் மறுபடியும் உட்காரும், ஓடும், பிறாண்டும், இருக்கும். சாயங்காலத்துக்குள் இருபது தடவை. கடைசி நாலைந்து தடவை சொட்டுகூட வராது. ஆனாலும் விடாது. காலை மடக்கி, முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து வாலை ஆட்டும்.

"அதுக்கு வலிப்பு இருக்குங்க," என்றார் டீச்சர். "இல்லாட்டி எதுவோ புடிச்சிருக்கு. உபதேசியார்கிட்டச் சொல்லித் தீர்த்தம் வாங்கித் தெளிக்கப் போறேன். புதுசா பெயின்ட் அடிச்ச கதவு, நாலு கோடு போட்டு வச்சிருக்கு பாருங்க."

"நான் இருந்தா ஒழுங்காத்தான் இருக்கான்..."

"அப்ப நீங்களே வேலைய விட்டுட்டு அது பக்கத்துலயே உக்காந்து ஊதிக்கிட்டு இருங்க."

அந்த வாரத்தில்தான் டீச்சர் சுவருக்கு மேலாக என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது.

பதினான்காம் தேதி சகாய ஆனந்துக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஹாலில் படுத்திருந்தார். குட்டி அவர் காலடியில். வெளியே சாலையில் ஒரு டவுன் பஸ் வருகிற சத்தம். "பீப்." குட்டி உட்கார்ந்தது. சகாய ஆனந்த் கண்ணைத் திறந்தார். வெளியே ஆட்கள் ஏறி இறங்கினார்கள். "பீப் பீப்." குட்டி எழுந்து ஓடிக் கதவைப் பிறாண்டி, கதவடியில் குளம் வெட்டியது.

கம்பளிக்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

அவர் வீடு அரியலூர், பெரம்பலூர் சாலையில் பாலம் ஸ்டாப்பிங்குக்கு நேர் எதிரே. பஸ் கண்டக்டருக்குப் பஸ் ஸ்டாப்பிலேயே வீடு என்று தெருவே பொறாமைப்பட்ட வீடு. காலை ஐந்து மணியிலிருந்து டவுன் பஸ், வெளியூர் பஸ், கம்பெனி பஸ், காலேஜ் பஸ் என்று எண்பது வண்டியாவது அங்கே நின்று போகும். எண்பது கண்டக்டர்கள். நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு. ஓய்வு நாளில் பகலெல்லாம் அவர் முருங்கை மரத்தடியிலேயே வைத்துப் பாடம் நடத்தியதால், குட்டி எந்த வண்டி விசிலுக்கு மடங்கியது என்று தெரியவில்லை; மீதி நாளெல்லாம் மாவட்டமே நடத்தியது. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று அந்த வீடியோக்காரர் சொன்னாரே, அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டக் கண்டக்டர்களும் ஒரே மாதிரி சொன்னார்கள்!

இதை அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்ல எப்படி முடியும்? அந்த விசில் அவருடைய பெருமை. பாடத்தை அழித்து வேறு பாடம் நடத்தவும் நாலு நாள் போதாது. அதனால் அவர் ஒரு யோசனை செய்தார். குட்டியை மாற்ற முடியாவிட்டால் கண்டக்டர்களை மாற்றிவிடலாம்.

மறுநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில், டீக்கடை ஓரத்தில், நாலைந்து கண்டக்டர்கள் நடுவில் நின்று சொன்னார்.

"பதினெட்டாந்தேதி சாயங்காலம் ஆறரையிலேர்ந்து ஏழே கால் வரைக்கும் பாலம் ஸ்டாப்பிங்ல மட்டும் யாரும் ரெண்டு விசில் அடிக்காதீங்கப்பா. ஒண்ணு அடிங்க, பரவால்ல. கெளம்புறப்ப மட்டும் வாயால 'போலாம்'னு சொல்லுங்க, இல்ல வண்டியத் தட்டுங்க."

"ஏண்ணே, அங்க யாராச்சும் சீரியஸா இருக்காங்களா?"

"ஜெபமாலைப்பா. எங்க வூட்டுல."

"ரெண்டு விசில் அடிச்சா மாதா கோச்சுக்குமா?"

"மாதா கோச்சுக்காது. டீச்சர் கோச்சுக்கும்."

டீச்சரைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. நாயைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அன்று அவருக்குப் பதிலாகப் பச்சை வண்டியில் போகப்போகிற புதுப் பையன் வீரமணி மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்:

"நம்ம வண்டியில ரெண்டு விசிலே வராதுண்ணே. சத்தியம்."

சகாய ஆனந்த் நிம்மதியாக டீயைக் குடித்தார். பாவம், அவர் ஒரு ஆளை மறந்துவிட்டார்.

பதினெட்டாம் தேதி வந்தது. வீடு கழுவி, மாதா சுரூபத்துக்கு மேஜை போட்டு, சம்பங்கி மாலை சாத்தி, அடுப்படியில் ஒரு பெரிய குண்டானில் கொண்டைக்கடலைச் சுண்டல் தயாரானது. நாற்பது பேருக்குக் கணக்கு. கும்பல் வரும் என்பதால் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்கள். மற்ற நாளில் அந்தக் கதவு திறப்பதே இல்லை. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் கிளப்பும் தூசி ஐந்து நிமிஷத்தில் ஹாலை வெள்ளை அடித்துவிடும்.

மூலையில் சாக்கு. சாக்கின் மேல் குட்டி. சகாய ஆனந்த் அதை ஆறு மணிக்கே முருங்கை மரத்துக்குக் கூட்டிப்போய் நன்றாகக் காலி செய்து கொண்டுவந்திருந்தார்.

"தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே..." என்று உபதேசியார் தொடங்கினார். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து தடவை உருட்ட வேண்டும்; முதல் பத்து மணி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு டவுன் பஸ் வந்தது. "பீப்." குட்டி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. சகாய ஆனந்தின் விரல் ஜெபமாலை மணியில் நின்றுவிட்டது. வெளியே "போலாம்ணே" என்று ஒரு குரல். பஸ் போய்விட்டது. குட்டி அசையவில்லை.

டெய்சி டீச்சர் ஒரு புருவத்தை உயர்த்திக் குட்டியைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். சகாய ஆனந்த் கண்ணை மூடிக்கொண்டு மிகவும் பக்தியாக "அருள் நிறைந்த மரியே" என்றார்.

இரண்டாவது பத்து மணியில் பச்சை வண்டி வந்தது. "பீப்." நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

"போலாம்ணே!" என்றான் வீரமணி.

வண்டி போகவில்லை.

வீரமணி வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். போகவில்லை. ஓடிப்போய் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"அண்ணே, போலாம்!"

"விசில் எங்கடா?" என்றார் மதுரைவீரன்.

"இந்த ஸ்டாப்பிங்ல அடிக்கக் கூடாதுண்ணே. ஆனந்தண்ணன் சொல்லியிருக்காரு."

"அப்ப வண்டியும் போவாது."

இதுதான் சகாய ஆனந்த் மறந்த ஆள். மதுரைவீரன் இரட்டை விசில் இல்லாமல் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், கண்டக்டர் கீழே நின்று யாரிடமோ "டீ குடிக்கப் போலாம்" என்று சொன்னதில், கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் கண்டக்டர் இல்லை. ஊரே சிரித்தது. அன்றைக்கு அந்தோணியார் கோவிலிலும் அய்யனார் கோவிலிலும் சேர்த்துச் சத்தியம் செய்தார்: இனி வாய்ப்பேச்சுக்கு வண்டி இல்லை. அன்று கீழே விட்டுவிட்டு வந்த கண்டக்டர் வேறு யாருமில்லை, நம் சகாய ஆனந்த்தான்.

ஸ்டாப்பிங்குக்கு அடுத்தாற்போல் பாலம் வேலை நடந்ததால் சாலையில் ஒரு பக்கம்தான் வழி. பச்சை வண்டிக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. "பீப்." அதற்குப் பின்னால் காலேஜ் பஸ். "பீப்." உள்ளே குட்டி ஒவ்வொரு விசிலுக்கும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிமிர்ந்து, கடைசியில் பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சுப் பையன் மாதிரி ஆகிவிட்டது.

வண்டி போகவில்லை என்றால் ஜனம் இறங்கும். இறங்கினால் எங்கே வெளிச்சம், எங்கே மெழுகுத்திரி, எங்கே சுண்டல் வாசனை என்று பார்க்கும். முதலில் வந்தது ரெங்கம்மாள். குரும்பலூரில் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். தலையில் இருந்த வாழைப்பூ மூட்டையைச் செருப்புக் குவியல் பக்கத்தில் இறக்கிவிட்டு, நேராக உள்ளே வந்து ஆனி ரோஸ் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இது எப்ப முடியும் பாப்பா?"

"இன்னும் மூணு பத்து மணி இருக்கு பாட்டி."

"பத்து மணியா! அவ்ளோ நேரமா? சுண்டலாச்சும் முன்னாடியே குடுப்பாங்களா?"

ரெங்கம்மாளுக்குப் பின்னால் மூன்று பஸ் ஜனமும் வந்தது. ஹால் நிறைந்து, வாசல் நிறைந்து, முருங்கை மரத்துப் பக்கம் வரை ஆட்கள். உபதேசியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்பியத்தில் இவ்வளவு கூட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. நாலாம் பத்து மணியை அவர் அழுதுகொண்டேதான் சொன்னார்.

டீச்சர் முணுமுணுத்தார்: "என்னங்க இவ்ளோ பேரு? நாப்பது பேருக்குத்தான் சுண்டல்."

சகாய ஆனந்த் பழக்கத்தில் சொல்லிவிட்டார்: "உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு."

ஜெபமாலை முடிந்து, உபதேசியார் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஜனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்கிற மன்றாட்டு தொடங்கியது. இன்னும் பத்து நிமிஷம். குட்டி சாக்கில் இருந்தது. சகாய ஆனந்த் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே காம்பவுண்ட் சுவரோரம் வீரமணி நின்றுகொண்டிருந்தான். அடுப்படிப் பக்கம் யாரோ முன்கூட்டியே கொடுத்துவிட்ட சுண்டல் தொன்னை ஒரு கையில். அவனைச் சுற்றி லாரிக்காரர்கள், காலேஜ் பையன்கள்.

"யோவ், நீ கண்டக்டரா இல்ல மாலை மாத்த வந்த மாப்ளையா? ஊதுய்யா!"

"சத்தியம் பண்ணிட்டேங்க."

"எங்க அம்மா வூட்டுல காத்துக்கிட்டு இருக்குடா டேய்!"

வீரமணியின் கை மெல்ல விசிலுக்குப் போனது. சகாய ஆனந்த் எழுந்தார். ஆனால் முன்னால் அறுபது பேர் முழந்தாளிட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் புகுந்து போவதில் இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளவர், பஸ்ஸில் போவது போலவே "கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்று பாதி ஹாலைத் தாண்டிவிட்டார். அதற்குள்—

"பீப் பீப்!"

ஹாலில் மூன்று பேர் ஒரே நேரத்தில் திரும்பிக் குட்டியைப் பார்த்தார்கள்: சகாய ஆனந்த், டெய்சி டீச்சர், ஆனி ரோஸ்.

குட்டி எழுந்தது. உடம்பை நீட்டி ஒரு கொட்டாவி விட்டது. மாதா சுரூபம் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தது. சகாய ஆனந்த் அரும்பாவூர் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். குட்டி ஓடியது. முழந்தாளிட்டவர்களின் கால்களுக்கு நடுவே நுழைந்து, உபதேசியாரின் வேட்டி நுனியைத் தாண்டி, வாசல் கதவை நோக்கி. பிறாண்டுவதற்கு முன்காலைத் தூக்கியது.

பிறாண்டுவதற்குக் கதவு இல்லை. திறந்திருந்தது.

குட்டி ஒரு நொடி ஆச்சரியப்பட்டு நின்றது. பிறகு செருப்புக் குவியலைத் தாண்டி, வாழைப்பூ மூட்டையைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முருங்கை மரத்துக்குப் போய், காலை மடக்கி, கண்ணைப் பாதி மூடி, வேலையை முடித்தது. முடித்துவிட்டு அதே வழியில் உள்ளே வந்து சாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்த ரெங்கம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டு ஆம்பளைக்கு அறுவது வயசாவுது, இந்த அறிவு இன்னும் வரல!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது கூட்டம்.

சகாய ஆனந்துக்கு அப்போதுதான் உறைத்தது. குட்டி ஒரு நாளும் தப்புச் செய்யவில்லை. இரண்டு விசில் கேட்டால் முருங்கை மரத்துக்குப் போக வேண்டும் என்று அது முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டது. எண்பது பஸ்ஸுக்கும் எண்பது தடவை போகத்தான் பார்த்தது. "கதவத்தான் நாங்க சாத்தி வச்சிருந்தோம்," என்று அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். சொல்லும்போது குட்டியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெளியே இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. இரட்டை விசில் காதில் விழுந்ததும் மதுரைவீரன் சத்தியத்தின்படி வண்டியை எடுத்துவிட்டார். வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மீதிப் பயணிகள் எல்லாம் முழந்தாளில். கண்டக்டர் சுவரோரம், கையில் சுண்டலோடு. வீரமணி "அண்ணே! அண்ணே!" என்று கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டியில் பாட்டுச் சத்தம். மதுரைவீரன் மறுபடியும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இப்போது இன்னொரு சத்தியம் சேர்ந்திருக்கிறது: விசில் கேட்டாலும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாராம்.

பச்சை வண்டி ஜனத்தைப் பின்னால் இருந்த டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். சுண்டல் ஆளுக்குப் பத்துப் பருக்கை வீதம் வந்தது. ரெங்கம்மாள் மட்டும் இரண்டு தொன்னை வாங்கிக்கொண்டு, போகும்போது ஒரு வாழைப்பூவை டீச்சர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் ஹாலில் குனிந்து குனிந்து பார்த்தார். மூலை, மேஜைக்கு அடி, கதவடி. சகாய ஆனந்த் தூணில் சாய்ந்து ஒரு காலை அகட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு சொட்டு இல்ல," என்றார் டீச்சர்.

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப. ரெண்டு விசில் அடிக்காதீங்கன்னு நீங்க பஸ் ஸ்டாண்டுல கேட்டத வீரமணி சொல்லிட்டான். அந்த விசில் கதைய எங்கிட்டச் சொல்லாம நாலு நாளா எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. எண்பது பஸ்ஸு மூத்திரத்த நான் தொடைச்சிருக்கேன்."

"ம்," என்றார் சகாய ஆனந்த்.

"இனிமே கதவச் சாத்த வேணாம். தூசிய நீங்க தொடைங்க." பிறகு மூலையைப் பார்த்துக் கூப்பிட்டார்: "டேய் ரைட்டு, இங்க வாடா."

குட்டி எழுந்து போனது. டீச்சர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது திரும்பிப் பார்த்ததும் அதுதான் முதல் தடவை.

இப்போது ரைட்டு வளர்ந்துவிட்டான். பின்னங்காலை மடக்குவதில்லை, தூக்குகிறான். கதவின் அடியில் அவனுக்கென்று தச்சரை வைத்து ஒரு சின்ன வழி வெட்டியிருக்கிறார்கள். ஓய்வு நாளில் சகாய ஆனந்த் கையில் துணியோடு தூசி துடைத்துக்கொண்டிருப்பதை நீங்கள் பார்க்கலாம். டீச்சர் அதே மாதிரி விசில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அவர் ஒன்று அடித்தால் ரைட்டு உட்காருகிறான். கவனித்துப் பார்த்தால் சகாய ஆனந்தும் கொஞ்சம் நிற்கிறார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அரியலூர், பெரம்பலூர் ரூட்டில் ஓடுகிற கண்டக்டர் யாரையாவது, முக்கியமாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டாலும் டிக்கெட் வாங்கும்போது சொல்லுங்கள். பாலம் ஸ்டாப்பிங்கில் தாராளமாக விசில் அடிக்கலாம். ஆனால் இரண்டு அடித்துவிட்டு யாராவது ஓடிவந்தார்கள் என்று நிறுத்தி, மறுபடியும் இரண்டு அடிக்க வேண்டாம். அவன் இப்போதுதான் மரத்தடியிலிருந்து திரும்பி வந்திருப்பான். மறுபடியும் போக வேண்டுமே என்று அவன் முக்குவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கிறது.